நம் இரத்தம்: நான்கு பங்கு, நான்கு வேலை

1. படியில் உட்கார்ந்த மருமகள்

மாலை நேரம். கல்வி மையத்தில் பாடம் தொடங்கிவிட்டது. மருமகள் தாமதமாக வந்தாள். அவளுக்கு அப்போது ஆறாம் மாதம். மையத்துக்கு மூன்று படிதான். இரண்டாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

அவளுடைய மாமியாரும் அதே மையத்தில்தான் படிக்கிறார்.

"பிள்ளைத்தாய்ச்சி என்றால் அப்படித்தான். நானும் நாலு பெற்றவள்தானே" என்றார் மாமியார்.

அன்று மையத்துக்குக் கிராமச் செவிலியர் வந்திருந்தார். ஊரில் எல்லோரும் அவரை நர்சம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நர்சம்மா எழுந்து படிக்குப் போனார். மருமகளின் கீழ் இமையை மெல்ல இழுத்துப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார். உள்ளங்கையைப் பார்த்தார். எல்லாம் வெளுத்திருந்தன.

"எவ்வளவு நாளாக இப்படி இருக்கிறது?"

"இரண்டு மாதமாக இருக்கிறது அக்கா. தண்ணீர்க் குடம் தூக்கினால் நெஞ்சு படபடக்கிறது. கண் இருட்டிக்கொண்டு வருகிறது."

"ஏன் வந்து சொல்லவில்லை?"

மருமகள் மாமியாரைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் மாமியாரும் மருமகளும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். மருமகளின் விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு துளி இரத்தம் எடுத்தார்கள். சிறிது நேரத்தில் ஒரு சீட்டு வந்தது. சீட்டை மருமகளே படித்தாள். ஹீமோகுளோபின் 8 கிராம் என்று எழுதியிருந்தது.

"எட்டு என்றால் நல்லதா, கெட்டதா?" என்று கேட்டாள்.

"கர்ப்பிணிக்குக் குறைந்தது 11 கிராம் இருக்க வேண்டும். உனக்கு 3 கிராம் குறைகிறது" என்றார் நர்சம்மா.

"சோகை என்பார்களே, அதுவா?" என்று கேட்டார் மாமியார்.

"அதேதான் பெரியம்மா. இரத்தசோகை."

2. மோரைப் போலப் பிரியும் இரத்தம்

பக்கத்து அறையில் இரத்தம் பரிசோதிக்கிறார்கள். நர்சம்மா இருவரையும் அங்கே அழைத்துப் போனார். அங்கே ஒரு சிறிய கண்ணாடிக் குழாய் இருந்தது. அதில் இரத்தம் இருந்தது. இரத்தம் உறையாமல் இருக்க அதில் மருந்து கலந்திருந்தார்கள். குழாயை ஓர் இயந்திரத்தில் வைத்து வேகமாகச் சுழற்றியிருந்தார்கள்.

மாமியார் உற்றுப் பார்த்தார்.

"இது என்ன, மேலே மஞ்சள் தண்ணீர் நிற்கிறது?"

மோரை ஆடாமல் அசையாமல் வைத்தால் என்ன ஆகும்? மேலே தெளிந்த நீர் நிற்கும். கீழே கெட்டியாகத் தங்கும். இரத்தமும் அப்படித்தான் பிரிகிறது. மேலே வெளிர் மஞ்சள் நிறத்தில் ஒரு நீர். அதன் பெயர் பிளாஸ்மா. கீழே அடர்ந்த சிவப்பு. அவை சிவப்பணுக்கள். இரண்டுக்கும் நடுவே நூல் போல ஒரு வெள்ளைக் கோடு. அதில்தான் வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் இருக்கின்றன.

ஆக, இரத்தம் என்பது ஒரே பொருள் அல்ல. அதில் நான்கு பங்கு உண்டு. நூறு பங்கு இரத்தத்தில் ஏறத்தாழ 55 பங்கு பிளாஸ்மா. மற்ற 45 பங்கும் அணுக்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை சிவப்பணுக்கள்.

வளர்ந்த ஒருவர் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் இருக்கிறது. இதயம் அதை ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்கிறது. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட, ஏறத்தாழ ஒரே நிமிடத்தில் அத்தனை இரத்தமும் உடம்பை ஒரு முறை சுற்றி வந்துவிடுகிறது.

3. முதல் பங்கு: பிளாஸ்மா

பிளாஸ்மாவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான். மீதியில் புரதம், சர்க்கரை, உப்பு முதலியவை கரைந்திருக்கின்றன.

ஆற்றில் ஓடம் போவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் இல்லாவிட்டால் ஓடம் நகருமா? அணுக்கள் ஓடுவதற்கு பிளாஸ்மாதான் ஆறு. நாம் உண்ட சோற்றின் சத்து குடலிலிருந்து பிளாஸ்மாவில் சேர்கிறது. உடம்பு முழுவதும் போகிறது. உடம்பில் சேரும் கழிவையும் பிளாஸ்மா சுமந்து வருகிறது. சிறுநீரகம் அந்தக் கழிவைப் பிரித்துச் சிறுநீராக வெளியேற்றுகிறது.

வயிற்றுப்போக்கு வந்தால் உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் போய்விடுகின்றன. பிளாஸ்மாவும் குறைகிறது. ஆற்றில் நீர் வற்றிவிடுகிறது. அதனால்தான் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்த உடனே உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்கச் சொல்கிறார்கள்.

4. இரண்டாம் பங்கு: சிவப்பணு

இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருவது சிவப்பணு. கடுகை விடச் சிறிய ஒரு துளி இரத்தத்தில், அதாவது ஒரு கன மில்லிமீட்டரில், 40 முதல் 50 லட்சம் சிவப்பணுக்கள் இருக்கின்றன.

சிவப்பணு சுமை தூக்கும் தொழிலாளி. அது தூக்கும் சுமை என்ன? பிராணவாயு. இதை ஆக்சிஜன் என்றும் சொல்கிறோம். நாம் மூச்சை இழுக்கும்போது பிராணவாயு நுரையீரலுக்குள் வருகிறது. சிவப்பணு அதை அங்கே ஏற்றிக்கொள்கிறது. மூளை, கை, கால் என்று எல்லா இடத்திலும் இறக்குகிறது. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் தாயின் இரத்தத்திலிருந்துதான் பிராணவாயு போகிறது.

பிராணவாயுவைப் பிடித்துக்கொள்ள சிவப்பணுவுக்குள் ஒரு பொருள் இருக்கிறது. அதுதான் ஹீமோகுளோபின். அதைச் செய்ய இரும்புச்சத்து வேண்டும். இரும்பு குறைந்தால் ஹீமோகுளோபின் குறையும். ஹீமோகுளோபின் குறைந்தால் பிராணவாயு போதுமான அளவு போய்ச் சேராது.

"அதனால்தான் எனக்கு மூச்சு வாங்குகிறதா?" என்று கேட்டாள் மருமகள்.

"ஆமாம். பத்துப் பேர் தூக்க வேண்டிய மூட்டையை ஏழு பேர் தூக்கினால் என்ன செய்வார்கள்? அந்த ஏழு பேரும் இரண்டு நடை கூடுதலாக நடப்பார்கள். உன் உடம்பும் அதைத்தான் செய்கிறது. இதயம் வேகமாக அடித்துக்கொள்கிறது. அதுதான் உன் படபடப்பு. இது சோம்பல் இல்லை அம்மா. நோய்."

இதைக் கேட்டதும் மாமியார் தலையைக் குனிந்துகொண்டார்.

ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். பிறகு அதை மண்ணீரலும் கல்லீரலும் சிதைத்துவிடும். அதில் இருந்த இரும்பை மட்டும் உடம்பு வீணாக்காமல் சேர்த்துவைத்துக்கொள்ளும். இறந்த அணுக்களுக்கு ஈடாகப் புதிய அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் பிறக்கின்றன. ஒரு நொடிக்கு 20 லட்சம் சிவப்பணுக்களுக்கு மேல் பிறக்கின்றன.

5. மூன்றாம் பங்கு: வெள்ளையணு

வெள்ளையணு ஊர்க்காவலாளி. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை இருக்கும்.

காலில் முள் குத்துகிறது. முள்ளோடு கிருமியும் உள்ளே போகிறது. வெள்ளையணுக்கள் அந்த இடத்துக்கு விரைந்து வருகின்றன. சில அணுக்கள் கிருமியை விழுங்கிவிடும். வேறு சில, கிருமியை எதிர்க்கும் பொருளைச் செய்து இரத்தத்தில் விடும். புண்ணில் சீழ் கட்டுகிறதே, அது என்ன? சண்டையில் மடிந்த வெள்ளையணுக்களும் கிருமிகளும் அதில் கிடக்கின்றன.

சில வெள்ளையணுக்களுக்கு நினைவாற்றல் உண்டு. ஒரு முறை வந்த கிருமியை அடையாளம் வைத்துக்கொள்ளும். அது மறுபடி வந்தால் உடனே தாக்கும். தடுப்பூசி போடுவது இதற்காகத்தான். உயிரைப் பறிக்காத வகையில் கிருமியின் அடையாளத்தைத் தடுப்பூசி காட்டிக்கொடுக்கிறது. உண்மையான கிருமி வரும் முன்பே காவலாளி தயாராகிவிடுகிறான்.

எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் எச்.ஐ.வி. கிருமி இந்தக் காவலாளிகளில் ஒரு வகையையே அழிக்கிறது. காவல் இல்லாத ஊரில் யாரும் புகலாம் அல்லவா? அதனால் பல நோய்கள் வந்து பற்றிக்கொள்கின்றன. மருந்தைத் தவறாமல் சாப்பிட்டால் இந்தக் கிருமியை அடக்கிவைக்க முடியும்.

6. நான்காம் பங்கு: தட்டணு

தட்டணு மிகச் சிறியது. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் 4 லட்சம் வரை இருக்கும். எட்டு முதல் பத்து நாள்தான் வாழும். ஆனால் அது இல்லாவிட்டால் சிறு காயத்திலும் இரத்தம் நிற்பது கடினம்.

வாய்க்கால் கரை உடைந்தால் என்ன செய்வோம்? முதலில் மண் மூட்டையைப் போட்டு அடைப்போம். பிறகு முள்ளையும் வைக்கோலையும் திணித்து இறுக்குவோம். விரலில் அரிவாள் பட்டாலும் இதுதான் நடக்கிறது. முதலில் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓட்டையை அடைக்கின்றன. அவைதான் மண் மூட்டை. அடுத்து பிளாஸ்மாவில் உள்ள ஒரு புரதம் நூல் நூலாக மாறி வலை பின்னுகிறது. சிவப்பணுக்கள் அந்த வலையில் சிக்கிக்கொள்கின்றன. இரத்தம் உறைகிறது. காய்ந்ததும் பொருக்காகிறது.

டெங்குக் காய்ச்சலில் தட்டணுக்கள் குறைவது உண்டு. அதனால்தான் காய்ச்சல் வந்தவருக்கு அடிக்கடி இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளை நாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. அவை இரத்தக் கசிவைக் கூட்டும்.

7. இரத்தம் ஏன் குறைகிறது?

அடுத்த வாரம் நர்சம்மா மையத்துக்கு வந்தார். பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்?" என்று கேட்டார்.

யாரும் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு ஒருவர் சொன்னார்: "நாங்கள்தான்."

"உங்களுக்கு என்ன மிஞ்சும்?"

"சோறும் குழம்பும் இருக்கும். காய் இருந்தால் உண்டு."

பெண்களுக்கு மாதந்தோறும் விலக்கில் இரத்தம் போகிறது. கர்ப்ப காலத்தில் பிள்ளைக்கும் சேர்த்து இரும்பு வேண்டும். ஆகவே ஆணை விடப் பெண்ணுக்கு இரும்புச்சத்து கூடுதலாகத் தேவை. ஆனால் பல வீடுகளில் அவளுக்குக் கிடைப்பது குறைவு.

2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு நடந்தது. 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை இருந்தது. அதே வயது ஆண்களில் நூற்றுக்கு 25 பேருக்கு இருந்தது. இந்த மையத்தில் பத்துப் பெண்கள் இருந்தால், அவர்களில் ஐந்தாறு பேருக்குச் சோகை இருக்கலாம்.

"பெரியம்மா, உங்களுக்கும் ஒரு முறை பார்த்துவிடலாமே" என்றார் நர்சம்மா.

மாமியாருக்குப் பார்த்தார்கள். 9 கிராம்தான் இருந்தது.

"முப்பது வருடமாக எனக்கும் தலை சுற்றுகிறது. அது என் தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டேன்" என்றார் அவர்.

இரத்தம் குறைய வேறு காரணங்களும் உண்டு. கொக்கிப்புழு அவற்றில் ஒன்று. திறந்த வெளியில் மலம் கழிக்கும் இடத்து மண்ணில் இதன் குஞ்சுகள் இருக்கும். செருப்பு இல்லாத காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும். குடலில் கடித்துத் தொங்கிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். கழிப்பறையும் செருப்பும் இரத்தத்தைக் காக்கும் என்றால் வியப்பாக இருக்கும். ஆனால் அதுதான் உண்மை. மலேரியாக் கிருமியும் சிவப்பணுவுக்குள் புகுந்து அதை உடைத்துவிடும்.

எல்லாச் சோகையும் இரும்புக் குறைவால் வருவதில்லை. அரிவாளணுச் சோகை என்று ஒன்று உண்டு. இது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவது. வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணு அரிவாள் போல வளைந்துவிடும். மத்திய இந்தியாவிலும் மேற்கு இந்தியாவிலும் பழங்குடி மக்களிடையே இது அதிகம். நீலகிரிப் பழங்குடி மக்களிடமும் உண்டு. இதை ஒழிக்க 2023ஆம் ஆண்டு ஒரு தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. ஆகவே மாத்திரை சாப்பிட்டும் சோகை தீராவிட்டால், மருத்துவரிடம் போய் வேறு பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

8. என்ன சாப்பிட வேண்டும்?

"பீட்ரூட் சாறு சிவப்பாக இருக்கிறதே. குடித்தால் இரத்தம் ஊறுமா?" என்று ஒருவர் கேட்டார்.

நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. சிவப்பாக இருப்பதெல்லாம் இரத்தமாகிவிடாது. கீரை பச்சை. கம்பு சாம்பல் நிறம். இவற்றில்தான் இரும்பு இருக்கிறது. முருங்கைக்கீரை, அரைக்கீரை, கம்பு, கொள்ளு, பயறு வகைகள் நல்லவை. இறைச்சி உண்பவர்களுக்கு ஈரல், கறி, மீன் நல்லவை. இறைச்சியில் உள்ள இரும்பு உடம்பில் எளிதாகச் சேரும்.

கீரையில் உள்ள இரும்பு நன்றாகச் சேர வேண்டுமானால் கூடவே நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா போன்றவற்றைச் சாப்பிட வேண்டும். சாப்பாட்டோடு தேநீர், காப்பி குடித்தால் இரும்பு சேராது. ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

சோகை வந்த பிறகு உணவு மட்டும் போதாது. மாத்திரையும் வேண்டும். கர்ப்பிணிகளுக்கு அரசு சுகாதார நிலையங்களில் இரும்பு, போலிக் அமில மாத்திரையை இலவசமாகத் தருகிறார்கள். நான்காம் மாதம் முதல் தினமும் ஒரு மாத்திரை வீதம் 180 நாள் சாப்பிட வேண்டும். பிள்ளை பிறந்த பிறகும் 180 நாள் சாப்பிட வேண்டும். மருமகளுக்கு ஏற்கெனவே சோகை இருந்தது. அதனால் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தார்.

மூன்றாம் நாள் மருமகள் மாத்திரையை நிறுத்திவிட்டாள். நர்சம்மா வீட்டுக்கே வந்தார்.

"மலம் கறுப்பாகப் போகிறது அக்கா. பயமாக இருக்கிறது."

"பயப்படாதே. உடம்பில் சேராத இரும்புதான் அப்படிப் போகிறது. வயிற்றைப் புரட்டினால் சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள். சுண்ணாம்புச்சத்து மாத்திரையை இதோடு சேர்த்துப் போடாதே. அதை வேறு வேளையில் போடு."

"மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்கிறார்களே?" என்று மாமியார் கேட்டார்.

"பிள்ளையின் நிறம் தாய் தகப்பனைப் பொறுத்தது பெரியம்மா. மாத்திரையைப் பொறுத்தது இல்லை. சோகையோடு பெற்றால் பிள்ளை எடை குறைந்து பிறக்கலாம். தாய்க்கும் ஆபத்து வரலாம். அதைத்தான் யோசிக்க வேண்டும்."

அன்றிரவு அந்த வீட்டில் ஒரு மாற்றம் நடந்தது. மாமியார் முதல் தட்டை மருமகளுக்கு வைத்தார். சோறு, முருங்கைக்கீரைப் பொரியல், ஒரு துண்டு எலுமிச்சை. மகன் நிமிர்ந்து பார்த்தான்.

"நீ அப்புறம் சாப்பிடலாம். அவள் இரண்டு பேருக்குச் சாப்பிடுகிறவள்" என்றார் தாய்.

9. இரத்தத்திலும் வகை உண்டு

மருமகளின் தாய் சேய் நல அட்டையில் இன்னொன்றும் எழுதியிருந்தது. ஓ பாசிட்டிவ். அது அவளுடைய இரத்த வகை.

பார்வைக்கு எல்லோருடைய இரத்தமும் ஒன்றுதான். ஆனால் ஒருவர் இரத்தத்தை இன்னொருவருக்கு ஏற்றினால் சில நேரம் நோயாளி பிழைத்தார். சில நேரம் இறந்துபோனார். காரணம் தெரியவில்லை. கார்ல் லாண்ட்ஸ்டைனர் என்ற மருத்துவர் வியன்னா நகரில் இதை ஆராய்ந்தார். 1901இல் இரத்தத்தில் வகைகள் உண்டு என்று காட்டினார். இதற்காக 1930இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இன்று நாம் அறிந்த வகைகள் ஏ, பி, ஏபி, ஓ என நான்கு. ஒவ்வொன்றிலும் பாசிட்டிவ், நெகட்டிவ் என இரண்டு. பொருந்தாத வகையை ஏற்றினால் உடம்பு அந்த அணுக்களைப் பகையாகக் கருதி உடைத்துவிடும். உயிருக்கே ஆபத்து.

மிக அரிதான ஒரு வகைக்கு நம் நாட்டு நகரத்தின் பெயர் இருக்கிறது. அதுதான் பம்பாய் வகை. 1952இல் டாக்டர் பேண்டே என்பவரும் உடன் இருந்தவர்களும் பம்பாயில் இதைக் கண்டுபிடித்தார்கள். சாதாரணப் பரிசோதனையில் இது ஓ வகை போலத் தோன்றும். ஆனால் இவர்களுக்கு ஓ வகையும் சேராது. பம்பாய் வகை இரத்தத்தைத்தான் ஏற்ற வேண்டும்.

இரத்த வகைக்குச் சாதி இல்லை, மதம் இல்லை. ஒரே தாய் பெற்ற இரண்டு பிள்ளைகளுக்கு வேறு வேறு வகை இருக்கலாம். முன்பின் அறியாதவர் இரத்தம் நமக்குப் பொருந்தலாம்.

தாய்க்கு நெகட்டிவ் வகை, பிள்ளைக்குப் பாசிட்டிவ் வகை என்றால், பிள்ளை பிறந்து மூன்று நாளுக்குள் தாய்க்கு ஓர் ஊசி போட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பிள்ளைக்கு ஆபத்து வரலாம். ஆகவே ஒவ்வொரு கர்ப்பிணியும் தன் இரத்த வகையைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

10. பிரசவ நாள்

மூன்று மாதம் மருமகள் மாத்திரையை விடாமல் சாப்பிட்டாள். எட்டு கிராம் பத்தரை கிராமாக ஏறியது. இப்போது படியில் உட்காராமல் ஏறினாள்.

வலி எடுத்ததும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பெண் குழந்தை பிறந்தது. ஆனால் பிள்ளை பிறந்த பிறகு இரத்தம் நிற்கவில்லை. மருத்துவர்கள் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் இரத்தம் நின்றது. அதற்குள் நிறையப் போய்விட்டது. முகம் வெளிறி, கை கால் சில்லிட்டது.

நல்ல வேளையாக மருத்துவமனையின் இரத்த வங்கியில் ஓ பாசிட்டிவ் இரத்தம் இருந்தது. இரண்டு செவிலியர்கள் பையில் எழுதியிருந்ததையும் அட்டையில் எழுதியிருந்ததையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவளுக்கு இரண்டு பை சிவப்பணு ஏற்றினார்கள். விடியும்போது அவள் கண் திறந்து, "பிள்ளை எங்கே?" என்று கேட்டாள்.

"எட்டு கிராமோடு வந்திருந்தால் எங்களுக்குப் பெரும்பாடாகியிருக்கும்" என்றார் மருத்துவர்.

மகன் வெளியே நின்றுகொண்டிருந்தான். "இந்த இரத்தத்தைக் கொடுத்தவர் யார்? அவரைப் பார்க்க வேண்டும்" என்றான்.

"யார் என்று சொல்வதில்லை அப்பா. யாரோ ஒருவர் கொடுத்தார். அவ்வளவுதான்."

11. யார் இரத்தம் கொடுக்கலாம்?

இரத்தத்தை எந்தத் தொழிற்சாலையிலும் செய்ய முடியாது. மனிதர் கொடுத்தால்தான் மனிதருக்குக் கிடைக்கும். அதை விலைக்கு விற்கவும் கூடாது. முன்பு வறுமையால் இரத்தத்தை விற்றுப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1998 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் பணத்துக்கு இரத்தம் கொடுக்கும் முறை தடை செய்யப்பட்டது.

மகன் கொத்தனார் வேலை செய்பவன். அவனுக்கு ஒரு பயம் இருந்தது.

"நான் சாரத்தில் ஏறி வேலை செய்கிறவன். இரத்தம் கொடுத்தால் உடம்பு தளர்ந்துவிடாதா?"

நர்சம்மா அவனுக்குக் கணக்குச் சொன்னார். "உன் உடம்பில் 5 லிட்டர் இருக்கிறது. எடுப்பது 350 மில்லி. ஏறத்தாழ ஒன்றரை டம்ளர். எடை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் 450 மில்லி வரை எடுப்பார்கள். குறைந்த நீர் இரண்டொரு நாளில் சேர்ந்துவிடும். சிவப்பணு சில வாரங்களில் பழைய அளவுக்கு வந்துவிடும். கொடுத்த அன்று மட்டும் சாரத்தில் ஏறாதே. கனமான சுமை தூக்காதே. தண்ணீர் நிறையக் குடி."

கொடுப்பவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். எடை 45 கிலோவாவது இருக்க வேண்டும். ஹீமோகுளோபின் 12.5 கிராமாவது இருக்க வேண்டும். ஆண் 90 நாளுக்கு ஒரு முறையும் பெண் 120 நாளுக்கு ஒரு முறையும் கொடுக்கலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் கொடுக்கக் கூடாது.

எடுத்த இரத்தத்தில் எச்.ஐ.வி., இரண்டு வகை மஞ்சள் காமாலை, மேகநோய், மலேரியா ஆகியவை உண்டா என்று சோதிப்பார்கள். புது ஊசியால்தான் எடுப்பார்கள். ஆகவே கொடுப்பவருக்கு நோய் தொற்றாது.

பிறகு இரத்தத்தைப் பங்கு பங்காகப் பிரிப்பார்கள். சிவப்பணுவைக் குளிரூட்டியில் 35 நாள் வரை வைக்கலாம். பிளாஸ்மாவை உறையவைத்து ஓர் ஆண்டு வைக்கலாம். தட்டணுவை ஐந்து நாள்தான் வைக்கலாம். அதனால்தான் ஒரு நாள் முகாம் நடத்தி வைத்துக்கொண்டால் போதாது. ஆண்டு முழுவதும் யாராவது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒருவர் கொடுக்கும் சிவப்பணு பிரசவித்த தாய்க்குப் போகலாம். அதே பையின் தட்டணு புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் ஒரு சிறுவனுக்குப் போகலாம். பிளாஸ்மா, இரத்தம் உறையாமல் தவிக்கும் வேறொருவருக்குப் போகலாம். ஒரு பை, மூன்று உயிர்.

அக்டோபர் 1 நம் நாட்டில் தேசியத் தன்னார்வ இரத்த தான நாள். அந்த ஆண்டு அக்டோபர் முதல் தேதி மகன் காலையிலேயே குளித்துச் சாப்பிட்டுவிட்டு முகாமுக்குக் கிளம்பினான். படிவத்தில் தன் பெயரைத் தானே எழுதினான். படுக்கையில் பத்து நிமிடம் படுத்திருந்தான். எழுந்து ஒரு பிஸ்கட் பொட்டலமும் தேநீரும் வாங்கிக்கொண்டான்.

"யாருக்குப் போகும்?" என்று கேட்டான்.

"தெரியாது" என்றார்கள்.

அவன் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான்.

நினைவில் கொள்வோம்

இரத்தத்தில் நான்கு பங்கு. பிளாஸ்மா ஏந்திச் செல்லும். சிவப்பணு பிராணவாயு சுமக்கும். வெள்ளையணு காவல் காக்கும். தட்டணு ஓட்டையை அடைக்கும்.

மூச்சு வாங்குவதும் களைப்பும் தலையெழுத்து அல்ல. பரிசோதித்துப் பார்த்தால் காரணம் தெரியும்.

வீட்டில் பெண்களும் நேரத்துக்கு, நிறைவாகச் சாப்பிட வேண்டும்.

விடை சொல்லுங்கள்

1. ஹீமோகுளோபின் செய்ய எந்தச் சத்து வேண்டும்?
2. சீழில் என்ன இருக்கிறது?
3. கீரையோடு எலுமிச்சை சேர்ப்பது ஏன்?
4. ஜனவரி 1ஆம் தேதி ஓர் ஆண் இரத்தம் கொடுத்தார். 90 நாள் கழித்துத்தான் மறுபடி கொடுக்கலாம். அது எந்த மாதம்? நாட்காட்டியைப் பார்த்து எண்ணுங்கள்.

பேசிப் பாருங்கள்

உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? அதை மாற்ற முடியுமா?

செய்து பாருங்கள்

உங்கள் ஹீமோகுளோபின் அளவையும் இரத்த வகையையும் பரிசோதித்துத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயருக்கும் நேராக உங்கள் கையாலேயே எழுதிவையுங்கள். அந்தத் தாளைச் சுவரில் ஒட்டிவையுங்கள். அவசரத்தில் உதவும்.